எந்தக் குப்பியில் மருந்து

டாலிகஞ்ச் மார்க்கெட்டில் என்னை ‘மொகோஜ் தீதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மொகோஜ் என்றால் மூளை, தீதி என்றால் அக்கா. வாரத்தில் நான்கு நாள் காலை ஆறரைக்கு எவர்சில்வர் தூக்கில் ஐஸ் போட்டுக்கொண்டு வந்து, அப்போதுதான் வெட்டிய ஆட்டின் மூளையை நசுங்காமல் முழுசாகக் கேட்டு வாங்கிப் போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். கறிக்கடைக்காரர் ஒருநாள் ரொம்ப அக்கறையாக, இத்தனை மூளையை என்ன செய்கிறீர்கள், வெங்காயம் நிறையப் போட்டு வதக்குவீர்களா என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது என்றேன். அவர் நம்பவில்லை.

ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஆட்டு மூளையின் அடிப்பக்கத்தில் தையல்நூல் கனத்துக்கு ஒரு தமனி ஓடும். அதை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பிரித்தெடுத்து, இரண்டு மில்லிமீட்டர் வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு மெல்லிய கம்பிகளை நுழைத்து, உடல்சூட்டில் இருக்கும் உப்புக்கரைசலில் தொங்கவிடுவோம். வளையம் இறுகினால் கம்பியை இழுக்கும், கம்ப்யூட்டர் திரையில் கோடு ஏறும். தளர்ந்தால் கோடு இறங்கும். அந்தக் கோடு இறங்குவதைப் பார்க்கத்தான் ஆறு வருஷம் ஐஸ் தூக்கைச் சுமந்தேன்.

காரணம் என் அப்பா. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னோம். ஒரு வாரம் நன்றாகப் பேசினார், காப்பி தண்ணியாக இருக்கிறது என்று நர்ஸிடம் குறைப்பட்டுக்கொண்டார். எட்டாம் நாள் காலை வலது கையைத் தூக்க வரவில்லை, சாயங்காலத்துக்குள் பேச்சு போயிற்று. கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றித் தங்கினால் நல்ல ரத்தக்குழாய்களையும் நாலைந்து நாள் கழித்து இறுக வைத்துவிடும், இதைத்தான் பயந்துகொண்டிருந்தோம் என்றார் டாக்டர். பயந்துகொண்டிருந்ததை எங்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பதினோராம் நாள் அப்பா போய்விட்டார்.

அந்த இறுக்கத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ரத்தக்குழாயின் தசையில் இறுக்குகிறவன் ஒருவன், தளர்த்துகிறவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மாறிமாறி வேலை செய்கிறவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். பழைய ரத்தம் பட்ட இடத்தில் ஒரு நொதி கிளம்பி, தளர்த்துகிறவனின் கையைக் கட்டிப்போட்டுவிடும். அந்த நொதியை அடக்கினால் கட்டு அவிழும், குழாய் விரியும், மூளைக்கு ரத்தம் போகும். இந்த வகை மருந்து ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, வேறு தேசங்களில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் கையில் இருந்தது அதே வகையில் புதிதாகச் செய்த ஒரு பொருள். ரத்தத்தில் ஒருநாள் ஊறிய வளையத்தைக்கூட அது தளர்த்துகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த வேலையில் எனக்கு ஒரு ஜோடி உண்டு. வங்காளி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை தீதி என்பாள். தமனியைப் பிரித்தெடுப்பதில் அவளுக்கு நிகர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் நாலு வளையத்தைக் கம்பியில் ஏற்றியிருப்பாள். என் எலுமிச்சை சாதத்தைப் பாதி அவள் சாப்பிடுவாள், அவள் கொண்டுவரும் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நான் போய்க் காத்திருந்தேன். அப்பாவின் வருஷாப்திக்கு அவள் வந்து மாடிப்படியில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றாள். அவளிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்றுகூட இருந்ததாக நினைவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர, அது வேலையின் விதி.

விதி இதுதான். அளக்கிறவளுக்கு எந்தக் குப்பியில் மருந்து, எதில் வெறும் கரைசல் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஏமாற்றும், கை ஏமாற்றும். காலையில் நான் நான்கு குப்பிகளை நிரப்பி, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று டேப் ஒட்டிக் கொடுப்பேன். இரண்டில் மருந்து, இரண்டில் வெறும் கரைசல். எது எது என்பது தினம் மாறும். அவள் வளையங்களை ரத்தக் கரைசலில் இறுக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குப்பியை ஊற்றி, கோடு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பாள். எந்த வளையத்துக்கு எந்த நிறம் என்பது அவள் இஷ்டம். அவளுக்கு எதுவும் தெரியாதே, அதனால் யாரும் கவலைப்படவில்லை.

எது எது என்ற குறிப்பை உறையில் போட்டு ஒட்டி எங்கள் தலைவரிடம் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். அப்புறம் ஒருநாள் உறை தீர்ந்துபோய், டைரியில் தமிழில் எழுதி வைத்தேன். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, ‘இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையில கிடைக்கும்’ என்று சிரித்தார். அதோடு உறை ஒழிந்தது. டைரி என் மேஜைமேல் திறந்தே கிடக்கும்.

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம். புடவைக் கடையில் கடைக்காரர் முகத்துக்கு எதிரேயே, “இவன் ரொம்ப ஏத்திச் சொல்றான், எழுந்து போற மாதிரி நடி” என்று அம்மா என்னிடம் சொல்வாள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரின் செண்ட் வாசனையைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் விமர்சிப்போம். தமிழில் சொன்னால் நாலு சுவருக்குள் சொன்ன மாதிரி என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை நான் லேபுக்கும் கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் அவள் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள்.

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் சந்தித்து ஒரே ஆட்டோவில் ஜாதவ்பூர் போவோம். போகிற வழியில் பாடம். முழங்கைமேல் முழங்கை இடிக்கும் ஷேர் ஆட்டோவில், பழைய பில்லின் பின்பக்கத்தில் நான் எழுதிக் காட்டுவேன், அவள் அதன் மேலேயே எழுதுவாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறந்த நாளிலிருந்து இந்த ஊரோடு வங்காளியில் பேசிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு இந்த ஊர் என் பாஷையில் ஒரு எழுத்தைக் கேட்டதில்லை. முதல் முறையாக ஒருத்தி கேட்டாள். எட்டு மாதத்தில் அவள் கடைப் பலகை, காப்பிப் பொடிப் பாக்கெட் எல்லாம் தட்டுத்தடுமாறிப் படித்தாள், நிறைய வார்த்தைக்கு அர்த்தமும் தெரிந்தது. டைரி திறந்து கிடப்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மூளையைத் தூக்கில் சுமந்தால் போதுமா, தலையிலும் கொஞ்சம் வேண்டும்.

அந்த வருஷம் வளையங்கள் அழகாகத் தளர ஆரம்பித்தன. மருந்துக் குப்பி விழுந்த வளையத்தில் கோடு சரசரவென்று இறங்கும், வெறும் கரைசலில் அசையாது. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேறொரு இடத்தில் பாதுகாப்புச் சோதனைகள் முடிந்திருந்தன. எங்கள் முடிவுகளை வைத்து, நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மூளை ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க விண்ணப்பம் தயாரானது. அவளுடைய வேலை நிரந்தரமாவதும் அதே முடிவுகளை நம்பித்தான் இருந்தது. எங்கள் இருவர் பெயரும் முதல் பக்கத்தில் வந்தன.

ஒவ்வொரு வாரக் கடைசியிலும், குப்பிகளில் மிஞ்சிய கரைசலை ஒரு மெஷினில் வைத்து, மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை, எனக்கு அப்படி ஒரு வியாதி. மழை கொட்டி ரோடெல்லாம் முழங்கால் தண்ணீராக இருந்த ஒரு வாரத்தில், புதன்கிழமைக் குப்பிகள் என் டைரிக்கு நேர் எதிராக இருந்தன. சிவப்பிலும் பச்சையிலும் மருந்து என்று எழுதியிருக்கிறேன். மெஷின் அவை இரண்டும் வெறும் கரைசல் என்றது. மருந்து இருந்தது நீலத்திலும் மஞ்சளிலும். நனைந்த புடவையோடு அவசரமாக நின்றபோது நிறத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். தப்பு என்னுடையது.

ஒருநாள் வேலை வீண் என்று நினைத்துக்கொண்டு, அன்றைய கோடுகளை எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் ஊற்றிய வளையங்கள் அழகாகத் தளர்ந்திருந்தன. நீலமும் மஞ்சளும் ஊற்றியவை இறுகியே இருந்தன.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியவில்லை. மெஷினை மறுபடி ஓட்டினேன். அதேதான். வெறும் உப்புத்தண்ணீர் தமனியைத் தளர்த்தியிருக்கிறது, மருந்து தளர்த்தவில்லை. வளையம் குப்பியில் இருந்ததைக் கேட்கவில்லை, டைரியில் நான் எழுதியதைக் கேட்டிருக்கிறது. ஆட்டுக்குத் தமிழ் தெரியாது. அந்த அறையில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவள் ஒருத்திதான்.

எப்படிச் செய்திருப்பாள் என்பதும் உடனே புரிந்தது. நாலு வளையத்தில் ஒன்றிரண்டு எப்போதுமே சோதா, இறுக்கிய அரைமணியில் தானாகவே சோர்ந்துவிடும். சில முரட்டுத்தனமாக நிற்கும். எது சோரும் என்பது கை பழகியவளுக்கு முகத்தைப் பார்த்த மாதிரி தெரியும். சோதா வளையத்துக்கு மருந்து என்று எழுதிய குப்பி, முரடனுக்கு மற்றது. ஒரு எண்ணைக்கூடத் திருத்த வேண்டாம்.

இருந்தும் மனது ஒப்பவில்லை. அடுத்த வாரம் மூன்று நாள் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். அவள் காலையில் வந்து, மழை விட்டதா, மோர் கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். நான் சிரித்துப் பேசிக்கொண்டே பொறி வைத்தேன். எலிக்குப் பொறி வைக்கிறவள்கூட எலியோடு சாதம் பகிர்ந்துகொள்ள மாட்டாள். மூன்று நாளும் கோடு நான் எழுதியபடியே இறங்கியது. அதைவிடக் கொடுமை இன்னொன்று. அந்த மூன்று நாளும் நிஜ மருந்து முரட்டு வளையங்களில் விழுந்து, அவற்றை ஒன்றுமே செய்யவில்லை. அன்று ராத்திரி அவளைப் பற்றி நினைக்கவேயில்லை, அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவள் மேஜையருகே போய் நின்றேன்.

“டைரியைப் படிக்கிறியா?” என்றேன்.

அவள் கையில் இருந்த இடுக்கியை மெதுவாக வைத்தாள்.

“அதுக்காகக் கத்துக்கல தீதி. உங்க மேல சத்தியமா. நீங்க வீட்ல எப்படிப் பேசுவீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் உங்க மேஜைல பேனா எடுக்க வந்தேன். பக்கம் திறந்திருந்தது. சிவப்புன்னு எழுதியிருந்தது கண்ல பட்டது. படிக்கத் தெரிஞ்சப்புறம் படிக்காம இருக்க முடியல.”

“மூடி வைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு முதல் வளையம் தளர்ந்தது. நீங்க பாத்ரூம்ல அழுதுட்டு வந்தீங்க. உங்க முகத்தைப் பாத்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது?”

“என் அப்பாவை இதுல இழுக்காதே. உன் வேலை நிரந்தரமாகணும், அதுக்குச் செஞ்சே.”

“அதுவும்தான்” என்றாள். பிறகு, “மருந்து எப்படியும் வேலை செய்யும் தீதி, உங்களுக்கே தெரியும். நாம கொஞ்சம் முன்னாடி போயிட்டோம், அவ்வளவுதான்” என்றாள்.

எனக்குத் தாங்க முடியாத கோபம். டைரியைப் படிப்பதற்காகவே கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் அவளைத் திருடி என்று தலைமுழுகியிருப்பேன். பிரியத்தில் கற்றுக்கொண்டு, அதே பிரியத்தை வைத்து நம்ப வைத்துக் கழுத்தறுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒருவர் எட்டாம் நாள் கையைத் தூக்க முடியாமல் கிடப்பார், இது தளர்த்திவிடும் என்று நம்பி அவருக்கு இதைக் கொடுப்பார்கள், அவர் பெண் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளைக்குள் நீயே போய்ச் சொல்லு என்றேன். தலையாட்டினாள்.

சொல்லவில்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு நானே தலைவரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. விண்ணப்பம் திங்கட்கிழமை போக வேண்டியது. மறுநாளே வேறு துறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரணைக்கு உட்கார்ந்தார். அன்று காலை டைரியின் புதுப் பக்கத்தில் நான் ஒரு வரி எழுதினேன். ‘நீயே சொல்லிவிடு, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்.’ கூட்டத்தில் டைரியை அவளிடம் காட்டத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் தனியாகப் பேச எனக்கு வாய் வரவில்லை, எழுதத்தான் வந்தது.

நான் நினைத்தபடியே தலைவர் டைரியை வாங்கி, கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“இந்த எழுத்து உனக்குப் படிக்கத் தெரியுமா?”

அவள் குனிந்து பார்த்தாள். எதிரே உட்கார்ந்து அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இடதிலிருந்து வலதுக்கு மெதுவாகப் போயின, ஓரிடத்தில் நின்றன, மறுபடி ஆரம்பத்துக்கு வந்து இன்னொரு முறை போயின. இரண்டு தடவை படித்தாள்.

“தெரியாது சார்” என்றாள். “ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி வட்டமா இருக்கு.”

வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். எழுத்து சொல்லிக்கொடுத்ததற்குச் சாட்சி யாராவது உண்டா என்று என்னைக் கேட்டார்கள். ஆட்டோவில் யார் சாட்சி. அந்தப் பில்களை எல்லாம் ஜாதவ்பூரில் இறங்கும்போது கசக்கிப் போட்டிருந்தோம். குறிப்பை மாற்றி எழுதியதும் மெஷினில் பார்த்ததும் நானேதான், அதற்கும் என் வாய்ச்சொல்லைத் தவிர அத்தாட்சி இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தலைவர் கேட்டார். என் சொந்தக் குறிப்பு என்றேன். அந்த வரியை வங்காளியில் மாற்றிச் சொல்ல நான் தயாராக இல்லை. அது யாருக்கு எழுதியதோ அவள் படித்துவிட்டாள்.

“நிச்சயமாகத் தெரிகிற ஒரே விஷயம், சில நாட்களில் உங்கள் குறிப்பு தப்பு” என்றார் அந்த வெளியாள். “சரியா?”

“சரி.”

“இன்னும் எத்தனை நாளில் தப்பாக இருக்கும்?”

எத்தனை நாள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். எல்லா வாரமும் மெஷினில் பார்த்திருக்கிறேன், அந்த நாலு நாளைத் தவிர ஒன்றுகூடத் தப்பில்லை. அதைச் சொன்னால் மற்ற நாட்களின் முடிவுகள் செல்லுபடியாகிவிடும், விண்ணப்பம் திங்கட்கிழமை போகும். அவளைப் பற்றி நான் சொன்னது நிரூபணம் இல்லாத பொறாமையாகப் போய்விடும். “சொல்ல முடியாது” என்றேன். “எதையும் நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், உறையில் போட்டு, வேறு ஆட்களை வைத்து.”

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. அப்போதாவது வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை.

டைப் செய்து அச்செடுத்து வர அரைமணி ஆயிற்று. ஒரே பக்கம், ஆங்கிலத்தில். ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் பதிவேட்டில் தவறுகள் நேர்ந்தன. துறையில் வேறு எவராலும் படிக்க இயலாத மொழியில் அவர் குறிப்பெடுத்ததால் அவற்றை உரிய காலத்தில் கண்டறிய முடியவில்லை. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் போட்டார், மற்ற இருவரும் போட்டார்கள், தாள் அவளிடம் போயிற்று. ‘வேறு எவராலும்’ என்ற இடத்தில் அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். அவள் பெயருக்குக் கீழே நானும் போட்டேன்.